பேரைச் சொல்லிவிட்டுத் தொடு

ஒடுகத்தூர்
2-6-1983

சின்னராசு அவர்களுக்கு,

நெடுநாள் நோயாளர் இல்லத்திலிருந்து எழுதுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நோயாளியின் வீட்டுக்கு நிலைமை எழுத வேண்டும் என்பது இங்கே விதி. மலைப் பேச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று உங்கள் அப்பா கோபால்சாமி நாட்டாரின் கட்டிலை சாந்தம்மாள் சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். கடிதமும் என் தலையில் விழுந்தது.

நிலைமை இதுதான். வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சு இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. இடது கையால் சைகை காட்டுகிறார். சாமைக் கஞ்சி ஸ்பூனில் இறங்குகிறது. முதுகில் புண் இல்லை.

மே 18 அன்று அவரை டோலியில் மலையிறக்கி, அடிவாரத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தீர்கள். டோலிக்கு எட்டுப் பேர். தூக்க நாலு தோள், மாற்ற நாலு தோள். நான் வாசலில் நின்று எண்ணினேன். நீங்கள் என்னிடம், "எந்தப் பக்கம் சார் தூக்கிட்டுப் போவணும்?" என்று கேட்டீர்கள். சார் என்றீர்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், அதனால்.

அடையாளம் தெரியாவிட்டால் சொல்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அப்பா ஊருக்குத் தலைவரான நாட்டார் என்ற முறையில் ஊர் விலக்கு வைத்த கோவிந்தனின் மகன் நான். விலக்கு வைத்த நாலாம் மாதம் என் அம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகி உதிரம் நிற்காமல் போனது. டோலிக்கு ஒரு தோள் கேட்டு அப்பா வேங்கைமரத்தூரில் இருபத்தாறு வீட்டு வாசலில் நின்றார். எவனும் வரவில்லை. மூங்கிலின் ஒரு முனை அப்பா தோளில், மறுமுனை பன்னிரண்டு வயது என் தோளில். இரண்டாவது வளைவில் நான் விழுந்தேன். மூன்றாவது வளைவு அம்மாவுக்கு வரவில்லை.

உங்கள் அப்பாவை நன்றாகத்தான் கவனிக்கிறேன். கவலை வேண்டாம்.

அம்மாக்கண்ணுவின் மகன்
ராஜாக்கண்ணு,
நர்சிங் உதவியாளர்


வேங்கைமரத்தூர்
9-6-1983

ராஜாக்கண்ணு அறியவும்.

உன் கடிதம் அடிவாரத்தில் தபால் வாங்கி வைக்கும் கடைக்காரர் வழியாகக் கிடைத்தது. வீட்டில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறாராம் என்று மட்டும் சொன்னேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போய் இன்னொரு தடவை படித்தேன்.

உன் அம்மா போனது யாருக்கும் சந்தோஷம் இல்லை. ஆனால் நடந்தது எல்லாவற்றையும் எங்கள் மேல் போடாதே. எங்கள் மாடு உங்கள் சாமையை மேய்ந்தது உண்மை. ஊர் கூடிப் பேசித் தீர்த்திருக்கலாம். உன் அப்பன் ஊரை மிதித்துவிட்டு போலீசுக்கு மனுக் கொடுக்க மலையிறங்கினான். ஊர்ச் சங்கதி மலையிறங்கக் கூடாது என்பது தாத்தா காலத்து ஏற்பாடு. விலக்கு வைத்தது அப்பா என்றாலும் கை தூக்கியது ஊர்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, அப்பாவின் கட்டிலுக்கு வேறு ஆளைப் போடச் சொல். இரண்டு, அதுவரை உன் கையால் அவருக்குத் தண்ணீர் தராதே. விலக்கான வீட்டுத் தண்ணீரைக் குடித்தவனும் விலக்கு என்பது உனக்குத் தெரியாதது இல்லை. விலக்கை எடுப்பதானால் ஊர் நாட்டார் தாமே அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்க வேண்டும். அதைத் தவிர வேறு வழி இந்த மலையில் கிடையாது. படுத்துக் கிடக்கிற மனுசனை அந்த வம்பில் மாட்டாதே. நீ யார் என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம். வேலைக்கு வந்தவன் வேலையைப் பார்.

கோ. சின்னராசு


ஒடுகத்தூர்
14-6-1983

சின்னராசு அவர்களுக்கு,

வேலையைத்தான் பார்க்கிறேன். எப்படிப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேலூரில் பயிற்சியின் முதல் நாள் எங்களுக்கு ஊசியும் மருந்தும் சொல்லித் தரவில்லை. கட்டிலை நெருங்கினால் முதலில் உன் பேரைச் சொல், என்ன செய்யப் போகிறாய் என்று சொல், அப்புறம் தொடு என்றார்கள். பேச்சில்லாதவருக்கும் அப்படித்தான், கண் திறக்காதவருக்கும் அப்படித்தான். கட்டிலில் கிடப்பவர் மூட்டை இல்லை, யார் கை தன் மேல் படுகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. காது மந்தமானவருக்குப் புரியட்டும் என்று, பேர் சொல்லும்போது நம் கையை நம் மார்பில் வைத்துக் காட்ட வேண்டும்.

உங்கள் அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு துருத்தும் இடத்தில் சதை அழுகும். என் ஷிப்டில் நாலு தடவை வரும். நாலு தடவையும் மார்பில் கை வைத்துச் சொல்கிறேன். "நாட்டாரே, நான் ராஜாக்கண்ணு. கோவிந்தன் மவன். அம்மாக்கண்ணு மவன். இப்ப ஒங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன்."

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடலாம். காதை மூடத்தான் அவருக்கு ஒரு கை போதவில்லை.

சாந்தம்மாள் சிஸ்டருக்கு என் மேல் ரொம்பத் திருப்தி. "பேர் சொல்றதுன்னா இவனப் பாத்துக் கத்துக்கோங்க. தாய் தகப்பன் பேரோட சேத்துச் சொல்றான் பாரு" என்று மற்ற பையன்களை அதட்டுகிறார். கட்டிலை மாற்றித் தர மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

இனி தண்ணீர். இங்கே நோயாளி வாய்க்குள் போகும் ஒவ்வொரு சொட்டும் சார்ட்டில் ஏற வேண்டும். தேதி, மணி, அளவு, கொடுத்தவன் கையெழுத்து. மே 18 முதல் நேற்று வரை என் லீவு நாட்கள் போக இருபத்துமூன்று நாள். தொண்ணூற்றிரண்டு தடவை உங்கள் அப்பா என் கையால் குடித்திருக்கிறார். நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டுங்கள்.

நாட்டார் விலக்கான வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டார். அவர் குடித்ததால் விலக்கு எடுபட்டது என்றால், பதினொரு வருஷமாக ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கும் என் அப்பாவை ஊருக்குள் கூட்டிவாருங்கள். எடுபடவில்லை என்றால் உங்கள் அப்பாவும் இன்று விலக்கு. இரண்டில் ஒன்று. உங்கள் சட்டம்தான், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ராஜாக்கண்ணு


வேங்கைமரத்தூர்
21-6-1983

ராஜாக்கண்ணு அறியவும்.

நீ வைத்த தாளை மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் கடைக்காரர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. நான் வீடு வந்து சேரும் முன்பே ஊர் கூடிவிட்டது.

மூன்று நாள் பேசினார்கள். முடிவு இது. நினைவில்லாதவன் குடித்தது குடித்ததில் சேராது. ஆகவே உங்கள் விலக்கும் எடுபடவில்லை, அப்பாவுக்கும் விலக்கு இல்லை. ஆனால் இனிமேல் அவர் குடித்தால் தெரிந்தே விட்ட குற்றம் எங்களைச் சேரும். அதனால் என் அத்தை பெரியம்மாள் அங்கே வந்து தங்கி, தன் கையால் அவருக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொடுப்பாள். நீ புரட்டு, துடை, துணி மாற்று. வாய்க்குள் போவதை மட்டும் தொடாதே. உங்கள் சிஸ்டரிடம் ஆள் விட்டுக் கேட்டோம். வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லதுதான், ராஜாக்கண்ணு எல்லாம் சொல்லிக் கொடுப்பான் என்றாராம்.

அத்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. படித்துக் காட்டி அனுப்புகிறேன்.

அவர் நினைவில்லாமல் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நீயே எழுதியிருக்கிறாய், புத்தி தெளிவு என்று. அந்தக் கடிதத்தை நான் ஊரில் காட்டவில்லை.

சின்னராசு


ஒடுகத்தூர்
25-6-1983

சின்னராசு அவர்களுக்கு,

உங்கள் அத்தைக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்யச் சொல்லுங்கள்.

வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கஞ்சி கொடுக்கும் முன் வாயைத் துடைக்க வேண்டும். விரலில் துணி சுற்றிப் பல், ஈறு, நாக்கு எல்லாம். வலது கன்னத்தில் அவருக்கு உணர்வு இல்லை. கொடுத்த கஞ்சி அங்கே ஒதுங்கி நாறும், தோண்டி எடுக்க வேண்டும். கஞ்சி கெட்டியாக இருக்கட்டும், சூடு புறங்கையில் விட்டுப் பார்க்கட்டும். சின்ன ஸ்பூன். இடது கன்னத்துப் பக்கம் வைக்க வேண்டும். தொண்டை அசைந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. அவசரப்படக் கூடாது, அவர் முகத்துக்கு நேரே ஊர்க்கதை பேசக் கூடாது.

குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்னந்தலை, காது மடல். தினமும் பார்க்கட்டும். புத்தகத்தில் சிவந்தால் ஆபத்து என்று போட்டிருக்கும், படத்தில் இருப்பவன் வெள்ளைக்காரன். நம் தோலில் சிவப்புத் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும். போர்வையை விலக்கும் முன் திரையை இழுக்க வேண்டும். நாட்டாராக இருந்தாலும் யாராக இருந்தாலும் மானம் ஒன்றுதான்.

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

ராஜாக்கண்ணு


வேங்கைமரத்தூர்
4-7-1983

ராஜாக்கண்ணு,

நேற்று அங்கிருந்து திரும்பினேன். நீ என் கண்ணில் படவில்லை. துணி வெளுக்கும் கொட்டகையில் இருப்பதாகச் சொன்னார்கள். வர மனம் இல்லை.

அத்தை ஓயாமல் அழுகிறாள். படுத்துவிட்டவருக்கு இந்த மலையில் எப்படித் தண்ணீர் கொடுப்பார்களோ அப்படித்தான் கொடுத்திருக்கிறாள். தலையைத் தூக்கி மடியில் வைத்து, மேலே அண்ணாந்த வாயில் சொம்பைச் சாய்த்திருக்கிறாள். கஞ்சியை நீ எழுதியபடி ஸ்பூனில்தான் கொடுத்தாளாம். தண்ணீருக்கு ஸ்பூன் என்ன, கூடப் பிறந்தவனுக்கு மடியில் வைத்துத் தராவிட்டால் நான் பெண்பிள்ளையா என்கிறாள். அப்பாவுக்குப் புரையேறி, உதடு நீலம் பாரித்து, கண் மேலே செருகிவிட்டதாம். இப்போது நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். பிழைப்பார் என்கிறார் டாக்டர்.

சாந்தம்மாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னாங்க, படுக்க வச்சுத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு தெரியாதா? நேராக் குந்த வச்சு, தாடையக் கீழ குனிய வச்சுத்தான் குடுக்கணும். எங்க பசங்களுக்கு மொதல்ல சொல்லித் தர்றதே அதுதான்."

உன் கடிதத்தை எடுத்து மூன்று தடவை படித்தேன். காது மடல்கூட இருக்கிறது. அது இல்லை. அத்தை எப்படிக் கொடுப்பாள் என்று உனக்குத் தெரியும். நீயும் இந்த ஊரில் பிறந்தவன், காய்ச்சலில் கிடந்தபோது யார் மடியிலாவது தலை வைத்துக் குடித்தவன்.

ஒரே ஒரு கேள்வி. மறந்தாயா, விட்டாயா?

சின்னராசு


ஒடுகத்தூர்
8-7-1983

சின்னராசு அவர்களுக்கு,

மறக்கவில்லை.

அந்த வரியை எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். சாந்தம்மாள் சிஸ்டர் கேட்டபோது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று என்றேன். அன்று நான் எதிர் வார்டில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. உங்கள் அத்தை தலையை மடிக்கு எடுத்ததைப் பார்த்தேன். சொம்பை எடுத்ததையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வீடு அன்று எப்படி இருந்ததோ அப்படி நின்று பார்த்தேன்.

அவர் உதடு நிறம் மாறியதும் கால் ஓடிவிட்டது. நான் ஓடச் சொல்லவில்லை. பக்கவாட்டில் புரட்டி, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டி, வாயைத் தோண்டி, உறிஞ்சு குழாய் போட்டு எடுத்தேன். பழகிய கை. அவ்வளவுதான் அதில். என்னை நல்லவன் ஆக்கிவிடாதீர்கள்.

நீங்கள் கிளம்பிப் போனதும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு இன்னா பகை வேணா இருக்கட்டும்டா. அந்தாளு ஒனக்கு இன்னா வேணா செஞ்சிருக்கட்டும். ஒருத்தர் வாயில போற தண்ணில அதக் கலக்காத" என்றார். ஒரு மாதம் நோயாளி பக்கமே வரக் கூடாது. மூத்திரத் துணி வெளுக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்குச் செய்ததற்கு நான் வருந்தவில்லை. உங்கள் அத்தைக்குச் செய்ததற்கு வருந்துகிறேன். அவர் கையை எடுத்து என் வேலையைச் செய்துகொண்டேன், அது கேவலம். என் தொழிலுக்குச் செய்ததற்கும்தான். நீங்கள் இந்தக் கடிதத்தைப் போலீசிடம் காட்டலாம். ஊர்ச் சங்கதி மலையிறங்கக் கூடாதென்றால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அவர் சாக வேண்டும் என்று நினைத்தது முட்டாள்தனம். செத்தால் அவருக்கு என்ன தெரியும்? அவர் இருக்க வேண்டும்.

ராஜாக்கண்ணு


வேங்கைமரத்தூர்
29-7-1983, காலை

தம்பி ராஜாக்கண்ணு,

இதைக் கொண்டுவரும் சுப்பிரமணி பதிலுக்காக அங்கேயே நிற்பான். கையோடு எழுதி அனுப்பு.

காய்ச்சல் விட்டதும் இருபதாம் தேதி அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். போகிற உயிர் தன் மண்ணில் போகட்டும் என்று ஊர் சொன்னது. ஒரு வாரம் அரைகுறையாக ஏதோ இறங்கியது. முந்தாநாள் மறுபடியும் இருமல் வந்தது. அதன் பிறகு யார் கிண்ணத்தை எடுத்தாலும் இடது கையால் தட்டிவிடுகிறார். என் கை, என் பெண்சாதி கை, அத்தை கை, எல்லாம் தட்டியாயிற்று. தட்டிவிட்டு, அந்தக் கையைத் தன் மார்பில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறார். என்ன கேட்கிறார் என்று புரியவில்லை. நெஞ்சு வலிக்கிறதா என்று அத்தை தைலம் தேய்த்தாள். அதற்கும் தட்டினார். நேற்றுக் காலையிலிருந்து ஈரத்துணியால் உதட்டை நனைப்பதுதான். நாக்கு வெடித்துவிட்டது.

இன்று விடிந்ததும் உன் பழைய கடிதத்தை எடுத்தேன். மார்பில் கை வைத்துப் பேர் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். அவர் உன்னைத்தான் கேட்கிறார்.

வா. ஊருக்குள் வா. யார் தடுக்கிறான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உங்கள் அப்பா டோலிக்குத் தோள் கேட்டு எங்கள் வாசலில் நின்றபோது எனக்கு இருபது வயது. நான் எழுந்து தோளில் துண்டைப் போட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன். மற்ற வீடுகளெல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்தன. நான் அன்று எழுந்து நடந்திருந்தால் பின்னால் மூன்று பேர் வந்திருப்பார்கள்.

சின்னராசு


ஒடுகத்தூர்
29-7-1983, பகல் பதினொன்றரை

சின்னராசு அவர்களுக்கு,

வர மாட்டேன்.

அவர் என்னைக் கேட்கவில்லை. நீ யார், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார். பேர் சொல்லாத கை ஒன்று அவரைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது. இனி பேர் சொல்லாதவனுக்கு வாய் திறக்க மாட்டார். நான் பழக்கிய பழக்கம் அது.

இந்தத் தடவை எதையும் விடவில்லை. நேராக உட்கார வைத்து, முதுகுக்கு அணை கொடுத்து, தாடை கீழே குனிந்திருக்க வேண்டும். தண்ணீர் தனியாக வேண்டாம், கஞ்சியாகக் கெட்டிப்படுத்தி ஸ்பூனில். கொடுத்து முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இருமினால் உடனே நிறுத்த வேண்டும். நாளைக்கும் இறங்காவிட்டால் இங்கே கொண்டுவந்துவிடுங்கள், ஊர் என்ன சொன்னாலும்.

ஆனால் காகிதத்தில் படித்து இன்றைக்கு இன்றே இது கைக்கு வராது. கைக்கு வந்த ஆள் உங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார், ஓடைக்கு அந்தப் பக்கம். உங்கள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே தெரியும், பத்து நாளில் ஆள் தேடுவீர்கள் என்று. இரண்டு நாள் லீவு போட்டு மலையேறினேன். என் அப்பாவைக் கட்டிலில் போட்டுப் புரட்டிக் காட்டினேன். பிறகு நான் படுத்தேன், அவர் புரட்டினார், உட்கார வைத்தார், கஞ்சி கொடுத்தார். "இத எதுக்குடா நான் கத்துக்கணும்? எனக்குன்னு எவன் படுத்துக் கெடக்குறான்?" என்று கேட்டார். "ஒன்னத் தேடி வருவாங்கப்பா" என்றேன்.

நீங்கள் போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போது, ஊர் பார்க்க, ஓடையைத் தாண்டிப் போங்கள். அன்று அவர் உங்கள் வாசலில் நின்ற மாதிரி நில்லுங்கள். மார்பில் கை வைத்து உங்கள் பேரைச் சொல்லி, உங்கள் அப்பா பேரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். வருவாரா மாட்டாரா என்பது அவர் பாடு. அவருக்கு நான் எதையும் சொல்லி வைக்கவில்லை.

சுப்பிரமணிக்கு ஒன்றரை மணி பஸ் இருக்கிறது. ஓடச் சொல்லியிருக்கிறேன்.

ராஜாக்கண்ணு


வேங்கைமரத்தூர்
31-7-1983

தம்பி,

சுப்பிரமணி வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தை போகாதே என்று காலைப் பிடித்தாள். போனேன். ஊரே ஓடைக்கரை வரை வந்து நின்றுகொண்டது, தாண்டியது நான் ஒருவன்.

உங்கள் அப்பா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மார்பில் கை வைத்தேன். "நான் சின்னராசு. கோபால்சாமி மவன். அன்னிக்கு டோலிக்குத் தோள் குடுக்காதவன். எங்கப்பாவுக்குக் கஞ்சி குடுக்க ஒங்களக் கூப்புட வந்திருக்கேன்" என்றேன். நடுவில் சொன்னது நீ எழுதியதில்லை, தானாக வந்தது. அவர் நிமிரவில்லை. அந்தப் பாத்தியைக் கடைசி வரை எடுத்து முடித்தார். அவ்வளவு நேரமும் நான் நின்றேன். கை மார்பிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

எடுத்து முடித்து, பானைத் தண்ணீரில் முழங்கை வரை கழுவினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "படுக்க வச்சிருக்கீங்களா, குந்த வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

தன் வீட்டு அடுப்பிலேயே கஞ்சி காய்ச்சி, கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஊர் வழிவிட்டது. எங்கள் வாசலில் அத்தை நின்றுகொண்டு, "கஞ்சி எங்க வூட்ல இருக்குதே, அது வேற வூட்டுத் தண்ணியாச்சே" என்றாள். "ஆமா. எங்க வூட்டுத் தண்ணிதான்" என்றார் உங்கள் அப்பா. அத்தை ஒதுங்கிக்கொண்டாள்.

அப்பாவை அவரும் நானும் உட்கார வைத்தோம். அவர் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து மார்பில் கை வைத்தார். "நாட்டாரே, நான் கோவிந்தன். அம்மாக்கண்ணு புருசன். ஒங்களுக்குக் கஞ்சி குடுக்கப் போறேன்." பதினொரு வருஷத்தில் அந்தப் பேர் எங்கள் வீட்டுக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா அவரையே பார்த்தார். தட்டவில்லை. வாயைத் திறந்தார்.

பத்தொன்பது ஸ்பூன். நான் எண்ணினேன். பாதியில் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உங்கள் அப்பா ஸ்பூனை வைத்துவிட்டு, ஈரத்துணியால் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு, மறுபடி ஸ்பூனை எடுத்தார். ஏதாவது சொல்வார் என்று வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். சொல்லவில்லை.

பெரியவர்கள் கூடி, நாட்டார் தெரிந்தே குடித்துவிட்டார், ஊர் பார்த்துவிட்டது, விலக்கு எடுபட்டது என்றார்கள். உங்கள் அப்பா, "அதெல்லாம் அப்பறம் பேசிக்கோங்க. இவர அரை மணி நேரத்துக்குப் படுக்க வக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துல புரட்ட வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டார். வந்தார். வந்துகொண்டிருக்கிறார். ஊருக்குள் குடிவரச் சொன்னோம், புரட்டி முடித்ததும் ஓடையைத் தாண்டிப் போய்விடுகிறார்.

அப்பாவுக்கு மூச்சு சீராக இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மா பேரைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிறது. பார்க்க முடியவில்லை. இனி அந்தப் பேரை மட்டும் விட்டுவிட்டு உங்கள் அப்பா தன் பேரை மட்டும் சொல்லலாமே என்று கேட்க நினைத்தேன். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ சொன்னால் கேட்பார். நடந்தது போதாதா, தம்பி?

சின்னராசு


ஒடுகத்தூர்
4-8-1983

சின்னராசு அண்ணனுக்கு,

போதாது.

நேற்று என்னை மறுபடி வார்டில் போட்டுவிட்டார்கள். வேறொரு கட்டில், வேறொரு கிழவர். அவருக்கும் என் பேரைச் சொல்கிறேன், அங்கே என் பேர் மட்டும்தான்.

உங்கள் அப்பாவுக்கு வேண்டியது இது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. இங்கே என் பங்கு நாலுதான், அங்கே பன்னிரண்டும் என் அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது. அறுபதைத் தாண்டிய மனுஷன், பன்னிரண்டும் அவரால் ஆகாது. ஆறை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சாமைக் கொல்லையில் சொன்னதையே கட்டிலோரமும் சொல்லுங்கள், நடுவில் தானாக வந்தது என்று எழுதினீர்களே, அதையும் சேர்த்து. அது இல்லாமல் உங்கள் பேர் முழுப் பேர் இல்லை.

அம்மா பேரை விடச் சொல்லி நான் எழுத மாட்டேன். பேரைச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

குதிகாலும் இடுப்பும் கவனமாகப் பாருங்கள், சூடு தெரிந்தால் அன்றே ஆள் அனுப்புங்கள். புண் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் அவர் இன்னும் பத்து வருஷம் இருப்பார்.

இருக்கட்டும்.

ராஜாக்கண்ணு